பாங்காக்கில் குடியேறப் போகிறவர்களுக்கு: வாட்டுக்குள் கால் வைக்கும் முன்

போன மாதம் நங்கநல்லூரில் எங்கள் மாடிவீட்டுப் பெண் பாங்காக்குக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கணவருக்கு அங்கே மூன்று வருஷ வேலை. குக்கர், இட்லித் தட்டு, ரெண்டு கிலோ சாம்பார்ப் பொடி எல்லாம் பெட்டிக்குள் போன பிறகு கேட்டாள்: "ஆன்ட்டி, அங்க புத்தர் கோயிலுக்கெல்லாம் நாம போகலாமா, இல்ல உள்ள விடமாட்டாங்களா?" நான் அந்த ஊரில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள். மாடிப்படியில் நின்றபடியே அரைமணி நேரம் சொன்னேன், பாதியை மறந்துவிட்டேன். அதனால்தான் இது.

போகலாம். தாராளமாகப் போகலாம், எந்த மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நாலு நாள் டூரில் வருகிறவர் தப்பு செய்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், குடியிருக்கிறவர் கதை வேறு. உங்கள் தெருவிலேயே ஒரு வாட் இருக்கும் (அங்கே கோயில் வளாகத்துக்கு வாட் என்று பெயர்), அதற்கு அடுக்குமாடி வாட்ச்மேன் வருவார், பழக்கடை அம்மா வருவார், பிள்ளையின் டீச்சர் வருவார். நம் சிக்கல் என்னவென்றால், கோயிலுக்குப் போகத் தெரியாதவர்கள் இல்லை நாம். சின்ன வயதிலிருந்து போய்ப் போய்க் கைகால் தானாக வேலை செய்யும். அதில் பாதி அங்கே அப்படியே செல்லுபடியாகும், மீதிப் பாதிதான் மானத்தை வாங்கும்.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை பார்க்கலாம். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னத் லேனில் மகாபோதி சங்கம் இருக்கிறது, இலங்கையிலிருந்து புத்தகயா போகிற யாத்திரிகர்கள் தங்கிப் போகும் இடம். அங்கே போய்ப் பதினைந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அர்ச்சனைச் சீட்டு இல்லை, நட்சத்திரம் கேட்க ஆள் இல்லை, "நகருங்க நகருங்க" இல்லை. நமக்கு அந்த அமைதியே முதலில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அது இங்கேயே பழகிவிடட்டும். அப்படியே பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போனால் நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புப் படிமங்களைப் பார்க்கலாம். ராஜராஜன் காலத்தில் சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் நாகையில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தை எழுப்ப, அதற்குச் சோழன் ஆனைமங்கலம் ஊரையே எழுதிக் கொடுத்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதும் நம் ராயப்பேட்டையில்தான். பாங்காக்கில் போய் "எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உடை. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். திருச்செந்தூரில் ஆண்களைச் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், அங்கே கையில்லாத பனியனோடு போனாலே வாசலில் நிறுத்துவார்கள். சுடிதார், சேலை, முழுக்கால் பேன்ட் எதுவும் சரி, லெக்கிங்ஸ் மட்டும் சில பெரிய இடங்களில் ஆட்சேபம் வரும். பையில் ஒரு துப்பட்டா எப்போதும் இருக்கட்டும். செருப்பு, கழற்றி மாட்டச் சுலபமானதாக. ஒரே வளாகத்தில் நாலு கட்டிடம் ஏறி இறங்கினால் நாலு தரம் கழற்ற வேண்டும். ஏப்ரல் வெயிலில் கல் தரை கொதிக்கும், அதில் நமக்குப் பயிற்சி உண்டு. வாசல்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். பாட்டி சொன்ன அதே விதிதான்.

உள்ளே போனதும் ஒரு ஓரமாக உட்காருங்கள். சம்மணம் போடலாம், ஆனால் அங்கே மரியாதையான இருப்பு என்பது இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடக்கிப் பின்னால் தள்ளி உட்காருவது. எப்படி உட்கார்ந்தாலும் பாதம் புத்தரைப் பார்த்து நீளக்கூடாது, பிக்குவைப் பார்த்தும் நீளக்கூடாது. முட்டி வலிக்கிறது என்று காலை நீட்டிவிட்டால் அவ்வளவுதான், பின்னாலிருந்து ஒரு பாட்டி தட்டுவார். கும்பிடுவது நம் கும்பிடு மாதிரிதான், பெயர் வை. புத்தருக்குக் கும்பிடுவது மூன்று முறை: மண்டியிட்டு, கை கூப்பி, இரண்டு உள்ளங்கையும் நெற்றியும் தரையில் படும்படி குனிந்து எழ வேண்டும். புத்தம், தம்மம், சங்கம் என்று மூன்றுக்கும் ஒவ்வொன்று. நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டாம். தோப்புக்கரணம், கன்னத்தில் போட்டுக்கொள்வது, நின்ற இடத்திலேயே சுற்றும் ஆத்மப் பிரதட்சிணம் இதெல்லாம் யாருக்கும் கோபம் வராது, ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வலமாகச் சுற்றுவது அங்கேயும் உண்டு, மூன்று சுற்று.

படைப்பதற்கு வாசலிலேயே ஒரு செட் கிடைக்கும்: ஒரு தாமரை மொட்டு, மூன்று ஊதுவத்தி, ஒரு மெழுகுவத்தி, தபால்தலை அளவுக்குத் தங்க ரேக்கு. ரேக்கை அதற்கென்று வைத்திருக்கும் சிறிய சிலையின் மேல் ஒட்ட வேண்டும், மூலவர் மேல் ஏறிப் போய் ஒட்டக்கூடாது. கற்பூரம் கொண்டுபோகாதீர்கள். தேங்காய் வேண்டவே வேண்டாம்.

இப்போது பிக்குகள் விஷயம். இதைப் பெண்கள் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் முதல் மாதமே சறுக்கியது இங்கேதான். எங்கள் வாட்டில் வயதான பிக்கு ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், நான் பயபக்தியோடு ஒரு சீப்பு வாழைப்பழத்தை நேரே அவர் கையில் நீட்டினேன். அவர் பதறவில்லை, மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து முன்னால் விரித்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு விளங்கவே இல்லை, நீட்டிய கை நீட்டியபடி நின்றேன். பக்கத்திலிருந்த பெண் என் முழங்கையைப் பிடித்து இறக்கி, பழத்தைத் துணி மேல் வைக்க வைத்தாள். பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது, கைக்குக் கையாக எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, கீழே வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார். காலைத் தொட்டுக் கும்பிடும் நம் பழக்கத்தை மூட்டை கட்டி வையுங்கள். பஸ்ஸிலும் அவருக்குப் பக்கத்து சீட்டில் பெண்கள் உட்காருவதில்லை. நீங்கள் வை செய்தால் பதிலுக்கு அவர் கை கூப்பமாட்டார், அது முறை, உங்களை அலட்சியம் செய்கிறார் என்று அர்த்தமில்லை. ஆசியாக மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டும்போதும் விரல் படாமல் கட்டுவார், இல்லையென்றால் நூலைக் கையில் போட்டுவிடுவார்.

அப்புறம் பணம். தட்டைக் கண்டால் நம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பிக்குவின் கையில் பணம் கொடுக்காதீர்கள், விநயம் என்ற துறவிகளுக்கான ஒழுக்க விதிப்படி அவர் பணம் தொடக்கூடாது. சிலர் வாங்கிக்கொள்வதையும் பார்ப்பீர்கள், அது அவர்கள் பாடு. எங்கு பார்த்தாலும் உண்டியல் இருக்கும், மின்சாரச் செலவுக்கு, கூரைக்கு, சவப்பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு என்று தனித்தனியாக எழுதி வைத்திருப்பார்கள். அதில் போடுங்கள்.

காலை ஆறு மணிவாக்கில் தெருவில் நின்றால் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாகப் பிச்சைப் பாத்திரம் ஏந்தி வருவார்கள். நண்பகலுக்குப் பிறகு அவர்கள் திட உணவு சாப்பிடுவதில்லை, அதனால் கொடுப்பதெல்லாம் காலையில்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, உணவைப் பாத்திரத்தில் மெதுவாக வைத்து, பிறகு மண்டியிட்டுக் கை கூப்பினால் பாலி மொழியில் ஆசி சொல்வார். நன்றி என்று சொல்லமாட்டார். அந்த ஊர்க் கணக்கில் புண்ணியம் கிடைப்பது கொடுப்பவருக்கு, நன்றி சொல்ல வேண்டியதும் கொடுப்பவர்தான். இதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை தாம்புன், அதிலுள்ள புன் நம் புண்ணியமேதான். நான் ஒரு நாள் புளியோதரை கட்டிக் கொடுத்தேன், பருப்பெல்லாம் வறுத்துப் போட்டு. எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அவர் பின்னால் வந்த சிறுவன் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த மஞ்சள் சோறு இன்றைக்கு இல்லையா என்று கேட்டான். எனக்கு அந்த வாரம் முழுக்கத் தலைகால் புரியவில்லை.

கொடுத்து முடித்ததும் சின்னச் செம்பு ஒன்றிலிருந்து கிண்ணத்தில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் ஊற்றுவார்கள், பிக்குகள் ஓதி முடிக்கும் வரை. சேர்ந்த புண்ணியத்தைச் செத்துப்போனவர்களுக்குச் சேர்ப்பிப்பது அது. பிறகு அந்தத் தண்ணீரை ஒரு மரத்தடியில் ஊற்றிவிடுவார்கள். அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. என் அப்பா இறந்த வருஷம் சென்னைக்கு வர டிக்கெட் கிடைக்காமல் நான் அங்கேதான் ஊற்றினேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புத்தர் கோயில் என்றால் சைவம் என்று நம்பிப் போகாதீர்கள். தாய்லாந்துப் பிக்குகள் கொடுத்ததைச் சாப்பிடுகிறவர்கள், அதில் கோழியும் இருக்கும் பன்றியும் இருக்கும். வாட்டுக்குள் அன்னதானம் போட்டாலும் குழம்பில் மீன் சாஸ் இல்லாமல் இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதியிருக்கும் கடையைத் தேடுங்கள், அது சீன வழக்கத்துச் சைவம், பூண்டு வெங்காயம்கூட இருக்காது. மடி ஆசாரம் பார்க்கும் மாமிகளுக்கே பிடித்துப்போகும்.

நாள் பார்ப்பது சுலபம், எல்லாம் பௌர்ணமிக் கணக்கு. நம் மாசி மகம் அவர்களுக்கு மாகபூசை, வைகாசி விசாகம் விசாகபூசை, கார்த்திகை தீபத்துக்கு ஈடாக ஆற்றில் தீபம் விடும் லாய் கிரதோங். சில வருஷம் நம் நாளும் அவர்கள் நாளும் ஒன்றாக விழும், சில வருஷம் ஒரு மாதம் தள்ளிப்போகும், அதனால் ஊர்க் காலண்டரையே பாருங்கள். அந்தக் காலண்டரில் ஆண்டு 543 கூடுதலாக இருக்கும், 2026 என்பது அங்கே 2569. விசாகபூசை இரவில் மெழுகுவத்தியும் தாமரையும் கையில் ஏந்தி மூன்று முறை வலம் வருவார்கள், அதற்கு மட்டும் எப்படியாவது போய்விடுங்கள், உங்கள் தெரு வாட்டுக்கே போங்கள். ஜூலை வாக்கில் தொடங்கி மழைக்காலம் மூன்று மாதமும் பிக்குகள் ஒரே வாட்டில் தங்குவார்கள், நம் மடாதிபதிகளின் சாதுர்மாசியம் மாதிரி. புதிதாகத் துறவு பூணுவதும் அப்போது அதிகம், ஆபீஸில் உடன் வேலை செய்யும் பையனே திடீரென்று மொட்டையடித்துக்கொண்டு லீவில் போவான், பயப்படாதீர்கள். திரும்பி வருவான்.

குடியிருக்கிறவர்கள் தப்ப முடியாத ஒன்று சாவு. கூட வேலை செய்கிறவரின் அப்பா இறந்துவிட்டார் என்றால் வீட்டுக்குப் போகமாட்டீர்கள், வாட்டுக்குத்தான் போவீர்கள். பெட்டி அங்கேதான் இருக்கும், தினமும் மாலையில் நான்கு பிக்குகள் அபிதம்மம் என்ற பௌத்த நூலிலிருந்து ஓதுவார்கள், மூன்று, ஐந்து, ஏழு நாள் என்று வசதிப்படி நடக்கும். எரியூட்டும் இடமும் வளாகத்துக்குள்ளேயே. நம்மூரில் துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளித்த பிறகுதான் எதையும் தொடுவோம், கோயில் பக்கமே போகமாட்டோம். அங்கே துக்கமே கோயிலுக்குள் நடக்கிறது, வந்தவர்களுக்குக் கஞ்சியோ பலகாரப் பொட்டலமோ கொடுப்பார்கள், அதை வாங்கிச் சாப்பிட வேண்டும். நான் முதல் தடவை பொட்டலத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன், இறந்தவரின் மகள் வந்து "காரமாக இருக்குமோ?" என்று கவலையாகக் கேட்டாள். தகப்பனைப் பறிகொடுத்த பெண் என் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டது இன்னும் உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன், சாப்பிட்டுவிடுங்கள், குளியலை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது கறுப்பு உடுத்துங்கள், வெள்ளையும் சரி. பட்டுச்சேலை, பூ வேண்டாம். பணத்தை வெள்ளை உறையில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பது வழக்கம், நம் மொய் மாதிரிதான், கல்யாணத்துக்கும் சாவுக்கும் உறையின் நிறம்தான் வேறு. முதலில் அங்கிருக்கும் புத்தருக்குக் கும்பிட்டுவிட்டு, பிறகு இறந்தவரின் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஊதுவத்தி. புத்தருக்கு மூன்று, இறந்தவருக்கு ஒன்று, இதை மாற்றிவிடாதீர்கள். ஓதும்போது கை கூப்பியபடி இருங்கள், கை வலித்தால் மடியில் கூப்பி வைத்துக்கொள்ளலாம். எரியூட்டும் நாளில் சந்தனச் சீவலில் செய்த ஒரு பூ கொடுப்பார்கள், வரிசையில் போய் அதைப் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டு இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை எரிப்பதில்லை. நாம் சனிப்பிணம் தனிப்போகாது என்கிறோம், அவர்களுக்கு வெள்ளி. எனக்குத் தெரிந்த எந்த வெளிநாட்டுக்காரர் எழுதிய கையேட்டிலும் இந்தச் சாவுச் சடங்கு பற்றி நாலு வரிகூட இல்லை, ஆனால் பதினோரு வருஷத்தில் நான் அரண்மனைக் கோயிலுக்குப் போனதைவிடத் துக்கத்துக்கு வாட்டுக்குப் போனதுதான் அதிகம்.

பெண்கள் ரகசியமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, அந்த மூன்று நாளில் போகலாமா என்று. எங்கள் வாட்டில் யாரும் கேட்டதில்லை, பலகையும் கிடையாது. வடக்கே சியாங் மாய் பக்கம் சில மண்டபங்களில் எந்த நாளானாலும் பெண்களே நுழையக்கூடாது என்று பலகை உண்டு. எரிச்சல் வரும். படித்துவிட்டு வெளியில் நில்லுங்கள், வேறென்ன செய்ய.

ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் பெரிய கோயில்களுக்குக் கூட்டிப்போகத்தான் வேண்டும். அரண்மனைக் கோயிலான வாட் ப்ரா கேவில் இருக்கும் மரகத புத்தர் உண்மையில் பச்சை ஜேட் கல், உயரம் 66 சென்டிமீட்டர்தான், வெயில், மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அரசரே உடை மாற்றுவார். உள்ளே போட்டோ கூடாது. வெளிநாட்டவருக்கு 500 பாட், தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம், வாதாடிப் பயனில்லை. அந்த வட்டாரத்தில் நல்ல உடுப்பு போட்ட ஒருவர் வந்து "இன்றைக்குக் கோயில் மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன், டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) இருபது பாட்தான்" என்றால் நேரே டிக்கெட் கவுன்டருக்கு நடங்கள். அந்த டுக்டுக் போய் நிற்கும் இடம் நகைக்கல் கடை. சென்ட்ரல் வாசலில் ஆட்டோ பேரம் பேசிய அனுபவம் இங்கேதான் கைகொடுக்கும். பக்கத்தில் வாட் போவில் 46 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்ட புத்தர், பெரியவர்களுக்கு ஸ்ரீரங்கம் ஞாபகம் வந்துவிடும். பின்புறம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், சில்லறை மாற்றி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகலாம், குழந்தைகள் அதை விட்டு நகராது.

பல வாட்களில் கிழமைக்கு ஒரு புத்தர் வரிசையாக இருப்பார், பிறந்த கிழமைக்காரரைக் கும்பிடலாம். செவ்வாய்க்குப் பள்ளிகொண்டவர், சனிக்கு நாகம் குடை பிடிப்பவர், புதன் மட்டும் பகல் ஒன்று இரவு ஒன்று, இரவுக்கு ராகு. நவக்கிரகம் சுற்றிய கூட்டத்துக்கு இது வெல்லம். வாட் சுதாட் வாசலில் நிற்கும் பெரிய சிவப்பு ஊஞ்சல் மரச்சட்டத்தையும் காட்டுங்கள். அதில் ஆடும் விழா 1935-ல் நின்றுவிட்டது, ஆனால் அந்த விழாவின் பெயர் திரியம்பவாய் திரிப்பவாய், நம் திருவெம்பாவை திருப்பாவையேதான். என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்று 'மார்கழித் திங்கள்' தொடங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது புத்தர் சிலை வாங்கிக் கொண்டுவர ஆசை வரும். சிலைக்கு அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், கழுத்தில் போடும் சின்னத் தாயத்துக்கு வேண்டாம். கடைக்காரரே வாங்கித் தருவாரா என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள்.

இலங்கைக்கு மாற்றலானால் இதில் முக்கால்வாசி பொருந்தும், இரண்டு விஷயம் கூடுதல் கண்டிப்பு. புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக்கூடாது. உடம்பில் புத்தர் பச்சை குத்தியிருந்தால் மூடியே வைத்திருங்கள், 2014-ல் ஒரு பிரிட்டன் பெண்ணை அதற்காகவே நாட்டைவிட்டு அனுப்பினார்கள். வெள்ளை உடுத்திப் போவது அழகு. பூவை முகர்ந்து பார்க்காமல் படைக்க வேண்டும், அது நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே பத்தினி தெய்வத்துக்குக் கோயில் உண்டு. நம் கண்ணகிதான், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜப்பான் என்றால் முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, சிவப்பு வளைவு வாசல் இருப்பது பெரும்பாலும் ஜப்பானியரின் பழைய மதமான ஷின்டோவின் ஆலயம், அங்கே இரண்டு தடவை கை தட்டிக் கும்பிடுவார்கள். புத்தர் கோயிலில் கை தட்டக்கூடாது, சத்தமில்லாமல் கூப்பினால் போதும். ஊதுவத்தியை வாயால் ஊதி அணைக்காதீர்கள், கையால் விசிறுங்கள். டோக்கியோ அசகுசாவில் ஒரு கோயிலில் நம் பிள்ளையார் ஷோட்டென் என்ற பெயரில் இருக்கிறார். சிலையை யாருக்கும் காட்டமாட்டார்கள், கொழுக்கட்டைக்குப் பதில் முள்ளங்கி படைக்கிறார்கள். பாய் விரித்த மண்டபங்களில் செருப்பைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நடக்க வேண்டும், வெறுங்காலோடு ஏறினால் முகம் சுளிப்பார்கள். சென்னைக்காரர்களிடம் அதுதான் இருக்காது, ரெண்டு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள், கட்டைவிரல் பக்கம் ஓட்டை இல்லையா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.